‘தாய் பொருந்தவில்லை’ என்று வந்த கடிதம்

1

அந்தக் கடிதம் வந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் முடிகிறது. இன்றைக்கும் தபால்காரரின் மஞ்சள் சைக்கிள் எங்கள் தெருவில் திரும்பினால் நான் ஜன்னலை விட்டு நகர்ந்துவிடுகிறேன். ஜெர்மனியில் நல்ல செய்தி போனில் வரும். பயமுறுத்துகிற செய்தி காகிதத்தில்தான் வரும். இங்கே ஐந்து வருடம் குப்பை கொட்டியதில் நான் கற்ற பாடம் இது.

நான் ஸ்ரீரங்கத்துக்காரி. பாஸ்போர்ட்டில் வசந்தகுமாரி, வீட்டில் வசந்தி. இந்த நாட்டின் வடக்கே ஒரு சிறிய பல்கலைக்கழக ஊரில், எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வரும்போது ஒரு வருட ஒப்பந்தம். என் கணவர் சேகருக்குத் துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. மகள் காவ்யாவுக்கு அப்போது ஐந்து வயது. “ஒரு வருஷம்தானே, போயிட்டு வா” என்றார் சேகர். என் தங்கை மாலதி, “காவ்யாவ நான் பாத்துக்குறேன்க்கா, நீ கவலப்படாமப் போ” என்றாள்.

மாலதிக்குக் குழந்தை இல்லை. அவள் கணவர் குவைத்தில் இருக்கிறார். அப்பா கட்டிய வீட்டில் கீழே அவள், மாடியில் நாங்கள். அதனால் குழந்தையை விட்டுவிட்டு வந்தேன் என்றே எனக்குத் தோன்றவில்லை. மாடியிலிருந்து கீழே அனுப்பினேன், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருடம் நான்கு வருடமாயிற்று. வீடியோவில் பேசும்போது காவ்யா முதலில் போனை முத்தமிடுவாள். பிறகு போன் முன்னால் உட்கார்ந்து படம் வரைவாள். பிறகு கூப்பிட்டால்தான் வருவாள். ஒரு நாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே திரும்பி மாலதியை “அம்மா, தண்ணி” என்று கேட்டாள். மாலதி பதறிப்போய், “சித்தின்னு சொல்லுடி” என்று அதட்டினாள். அவள் அதட்டியதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

வேலை நிரந்தரமானதும் முதல் காரியமாகக் குடும்ப விசாவுக்கு எழுதிப் போட்டேன். அங்கேதான் வில்லங்கம். காவ்யா பிறந்தபோது ஆஸ்பத்திரிப் படிவத்தில் தாய் பெயர் என்ற இடத்தில் சேகர் சந்தோஷத்தில் ‘வசந்தி’ என்று எழுதிவிட்டார். அதைத் திருத்தி வசந்தகுமாரி ஆக்க நான்கு முறை அலைந்தார். ஒரு முறை கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பு, ஒரு முறை கணினி வேலை செய்யவில்லை. கடைசியில் புதுச் சான்றிதழ் வந்தது. விசா அலுவலகத்தில் அந்தப் புதுத் தேதியைப் பார்த்துத்தான் சந்தேகப்பட்டார்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்குப் போன மாதம் அம்மா மாறியிருக்கிறாளே என்று. மரபணுச் சோதனை கொடுத்தால் காரியம் சீக்கிரம் முடியும் என்று எழுதினார்கள்.

நாங்கள் சிரித்தோம். உண்மையாகவே சிரித்தோம். சேகரும் காவ்யாவும் சென்னையில் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்துக் கொடுத்தார்கள். நான் இங்கே கொடுத்தேன்.

கடிதத்தில் இரண்டு வரிகள்தான் முக்கியம். தந்தை: பொருந்துகிறது. தாய்: விலக்கப்படுகிறது. அந்த ஜெர்மன் சொல்லை அகராதியில் பார்த்தேன். ‘விலக்கப்பட்டது’ என்று ஒரு பொருள். ‘சாத்தியமே இல்லை’ என்று இன்னொரு பொருள்.

2

என் வேலையைச் சொன்னால்தான் என் பயம் உங்களுக்குப் புரியும்.

எங்கள் கூடத்தில் கைமேரா செய்கிறோம். இரண்டு வெவ்வேறு கருக்களிலிருந்து வந்த செல்கள் ஒரே உடம்பாக வளர்ந்த விலங்குக்கு அந்தப் பெயர். கறுப்பு எலியின் மூன்றரை நாள் கருவை எடுப்போம். அது மணலைவிடச் சிறியது. நுண்ணோக்கியில் பார்த்தால் நீர் நிறைந்த குமிழி மாதிரி இருக்கும். இடது கைப் பக்கம் ஒரு கண்ணாடிக் குழல் அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். வலது கைப் பக்கம் முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசி. அதற்குள் பழுப்பு எலியின் கருவிலிருந்து எடுத்து வளர்த்த ஸ்டெம் செல்கள், பத்துப் பன்னிரண்டு, வரிசையாக நிற்கும். ஒரே குத்து. செல்களைக் குமிழிக்குள் விட்டு ஊசியை இழுத்தால் கரு காற்றுப் போன பலூன் மாதிரி சுருங்கிவிடும். இளஞ்சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி உப்பிவிடும். பிறகு அதைத் தயார்ப்படுத்திய தாய் எலியின் கருப்பையில் வைப்போம். மூன்று வாரத்துக்குள் குட்டிகள். குட்டிக்கு மயிர் முளைக்கும்போது கறுப்பில் பழுப்புத் திட்டு தெரிந்தால் வேலை பலித்தது.

இன்னொரு வழியும் உண்டு. எட்டுச் செல்லாக இருக்கும் இரண்டு கருக்களின் மேலுறையைக் கரைத்துவிட்டு, தட்டில் ஊசியால் அழுத்திய சின்னக் குழியில் இரண்டையும் ஒட்டினாற்போல் வைத்தால் போதும். மறுநாள் காலையில் பார்த்தால் ஒரே கருதான் இருக்கும். எங்கே ஒட்டியது என்று கண்டுபிடிக்க முடியாது.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஹைக்கே. முப்பது வருடமாக இந்த ஊசியைப் பிடித்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், கருவியைச் சரிசெய்துகொண்டே, “முட்டரை இறுக்கு” என்றார். ஜெர்மனில் முட்டர் என்றால் அம்மா. எந்த அம்மாவை இறுக்குவது என்று நான் முழித்தேன். அவர் குழலைப் பிடித்திருந்த நட்டைக் காட்டினார். நட்டுக்கும் அம்மாவுக்கும் இந்த மொழியில் ஒரே சொல். எங்கள் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் நட்டு போல்ட்டோடு வாழ்ந்தவர். அன்று சாயந்திரம் மாலதியிடம் சொல்லி இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், மூடியில் எழுதிய எழுத்தைத் தப்பாகப் படித்து இரண்டு தட்டுகளை மாற்றிவிட்டேன். வேறு ஒருவரின் கருக்கள் வேறு எலிக்குள் போயின. யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. குட்டிகளுக்கு மயிர் முளைத்து, நிறம் தப்பாக வந்தபோதுதான் தெரிந்தது.

அதனால் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு முதலில் வந்த நினைப்பு இதுதான். காவ்யா சோதனைக் குழாய்ச் சிகிச்சையில் பிறந்தவள். திருச்சியில் ஒரு மருத்துவமனை. அங்கேயும் தட்டுகள் இருந்திருக்கும். தட்டுகளுக்கு மூடிகள் இருந்திருக்கும். மூடியில் யாரோ எழுதியிருப்பார்கள்.

அப்படியானால் எங்கோ ஒரு பெண் இருக்கிறாள். உறையூரிலோ மணப்பாறையிலோ கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். என் குழந்தை அவளுடையது.

3

சேகருக்கு போன் செய்தேன். அங்கே மத்தியானம், பின்னால் தொழிற்சாலைச் சத்தம்.

“தப்பா வந்திருக்கும் வசந்தி. லேப்ல மாத்தியிருப்பாங்க.”

“உங்களுதும் காவ்யாவுதும் சரியா பொருந்துதே. என்னுத மட்டும் எப்படி மாத்துவாங்க?”



மறுநாள் வேலைக்குப் போய், அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்த எண்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மரபணுவில் பதினாறு இடங்களில் ஒப்பிட்டிருந்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் குழந்தைக்கு இரண்டு எண்கள் இருக்கும்; ஒன்று அப்பா தந்தது, மற்றது அம்மா தந்தது. நான் அம்மா என்றால் பதினாறிலும் என்னிடமிருந்து ஒன்று வந்திருக்க வேண்டும். பன்னிரண்டில் வந்திருந்தது. நான்கில் வரவில்லை.

முன்பின் தெரியாத ஒருத்தியின் முட்டை என்றால் இவ்வளவு பொருந்தாது. இது அந்நியக் கணக்கு இல்லை. இது சித்தி, பெரியம்மா கணக்கு. என் கூடப் பிறந்த ஒருத்திதான் காவ்யாவின் அம்மா என்று அந்த எண்கள் சொல்லின.

எனக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்திதான்.

சிகிச்சைக்கு முன்னால் எனக்கு இடது சினைப்பையில் கட்டி வந்து, சினைப்பையோடு எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்ததில் முட்டை அதிகம் வராது என்று டாக்டர் சொன்னார். வேறு ஒருவரின் முட்டையை வைத்துக்கொள்ளலாமே என்றார். அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாலதி டாக்டர் முன்னாலேயே, “என்னுத எடுத்துக்கக்கா” என்றாள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. என்னுடையது வேண்டும் என்ற வெறி. முதல் தடவை பலிக்கவில்லை. இரண்டாம் தடவை பலித்தது. அந்த நாட்களில் எல்லாம் மாலதிதான் என்னோடு வந்தாள். எனக்கு மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனபோது வெளியே இருந்தவர்கள் சேகரும் அவளும்.

நான் வருத்தப்படக் கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து ஏதாவது முடிவு செய்திருந்தால்? நல்லதுக்குத்தான் செய்திருப்பார்கள். அதுதான் எனக்குப் பயம். கெட்ட எண்ணத்தில் செய்தவர்களிடம் சண்டை போடலாம்.

சேகரிடம் கேட்டேவிட்டேன். “அந்த சமயத்துல எனக்குத் தெரியாம ஏதாவது பண்ணீங்களா? மாலதியுத?”

“நீ என்ன கேக்குறேன்னு உனக்குப் புரியுதா?” என்றார்.

இல்லை என்று சொல்லவில்லை. அவர் குரல் உடைந்ததை அன்று நான் கவனிக்கவில்லை. இல்லை என்ற சொல் வரவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

4

அடுத்த பத்து நாள் எப்படி வேலை செய்தேன் என்று தெரியவில்லை. கை நடுங்கினால் இந்த வேலை செய்ய முடியாது. ஹைக்கே என் ஊசியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். “நீ கூண்டுகளைப் பார், ஊசியை நான் பார்க்கிறேன்” என்றார்.

கூண்டுகளில் ஓர் ஆண் கைமேரா இருந்தது. கறுப்பு உடம்பு, காதுக்குப் பின்னால் மட்டும் விரல் நுனி அளவு பழுப்பு. நாங்கள் உள்ளே விட்ட செல் உடம்பில் சேரவே இல்லை, பிரயோஜனம் இல்லாத எலி என்று நானே அட்டையில் எழுதியிருந்தேன். இடம் காலியாக இருந்ததால் சும்மா ஒரு கறுப்புப் பெட்டையோடு விட்டிருந்தோம். அன்று அந்தக் கூண்டைத் திறந்தால் ஏழு குட்டிகள். நான்கு பழுப்பு.

ஹைக்கேயைக் கூப்பிட்டேன். அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “தோல் ஒன்று சொல்லும், உள்ளே வேறொன்று இருக்கும். குட்டி போட்டால்தான் தெரியும். இதை உனக்கு முதல் நாளே சொன்னேனே.”

சொல்லியிருந்தார். நானே எத்தனையோ மாணவர்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். ஒரு கைமேராவின் தோலும் ரத்தமும் ஒரு கருவிலிருந்து வந்திருக்கலாம். விந்தோ முட்டையோ மற்றக் கருவிலிருந்து வந்திருக்கலாம்.

கூண்டின் மூடியைப் போடாமல் அப்படியே நின்றேன். மனிதர்களிலும் அபூர்வமாக இப்படி நடக்கும் என்று படித்திருக்கிறேன். வயிற்றில் இரட்டையாகத் தங்கிய இரண்டு கருக்கள், முதல் சில நாட்களிலேயே ஒட்டி ஒரே குழந்தையாகிவிடும். அந்தக் குழந்தைக்கு அது தெரியாது. பெற்றவளுக்கும் தெரியாது. நாங்கள் தட்டில் குழி போட்டுச் செய்கிற அதே காரியம்.

நான் கன்னத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். என் கன்னம் ஒருத்தியாகவும் என் சினைப்பை இன்னொருத்தியாகவும் இருந்தால்? அந்த இன்னொருத்தி எனக்குக் கூடப் பிறந்தவள். கணக்கு அப்படியே பொருந்தும். சித்தி, பெரியம்மா கணக்கு.

நிம்மதி வரவில்லை. காவ்யாவின் அம்மா என் சகோதரி. அதில் சந்தேகம் இல்லை. அந்தச் சகோதரி மாலதியா, இல்லை பிறக்காமலே எனக்குள் கலந்துவிட்ட ஒருத்தியா? அந்த எண்களைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அன்று கை கழுவும்போது என் கைகளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஹைக்கேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “உன் சினைப்பையை எடுத்தார்களே, அதை என்ன செய்தார்கள்?”

எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பினால், அதில் ஒரு சின்னத் துண்டை மெழுகில் பதித்து வைப்பார்கள். அதைப் பிளாக் என்பார்கள். வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும். என்னுடையது திருச்சி தில்லைநகரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருந்தது. இருந்தது என்றால், பதினோரு வருடத்துக்கு முன்னால்.

5

லீவு என்று சொல்லி ஊருக்கு வந்தேன். காவ்யா வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டு, ஓடிவரலாமா என்று மாலதியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தலையாட்டிய பிறகுதான் வந்தாள்.

மூன்று நாள் நான் எதுவும் கேட்கவில்லை. காலையில் மாலதி அவளுக்குத் தலை பின்னுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு, முழங்காலுக்கு நடுவில் அவளை இறுக்கிப் பிடித்திருப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே தாடை. இதை முன்பும் பார்த்திருக்கிறேன். சித்தி சாடை என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். சேகர் என் கண்ணைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

நான்காம் நாள் தில்லைநகருக்குப் புறப்பட்டேன். “நானும் வரேன்க்கா, சத்திரத்துல கொஞ்சம் சாமான் வாங்கணும்” என்று மாலதி கூடவே பஸ் ஏறினாள். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. பழைய பிளாக் எதற்கு, பதினோரு வருஷம் கழித்து இப்போது எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மறுபடி ஏதாவது கட்டியா, சொல்லேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பயந்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கியதும், வாழைப்பழக் கடைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் கேட்டேன்.

“அன்னைக்கு நான் மயக்கத்துல இருந்தப்ப, உன்னுத குடுத்தியா மாலு?”

மாலதி என் கையை விட்டாள். எங்களை இடித்துக்கொண்டு ஆட்கள் போனார்கள். யாரோ ‘வழி விடுங்கம்மா’ என்றார்கள். அவள் நகரவில்லை.

“இதத்தான் மூணு நாளா மனசுல வச்சுக்கிட்டு என் கையால சோறு வாங்கித் தின்னியா?”

“மாலு...”

“குடுத்திருந்தா சொல்லாம இருந்திருப்பேனா? நம்ம போடாத சண்டையா? ஒரு சண்டையிலயாவது சொல்லிக் காட்டியிருக்க மாட்டேன்? நீ வேண்டாம்ன அன்னைக்கு நான் எவ்வளவு அழுதேன்னு உனக்குத் தெரியுமா? எனக்குன்னு ஒண்ணு வராதுன்னு டாக்டர் அதுக்கப்பறந்தானே சொன்னாங்க. அன்னைக்கே எடுத்திருந்தா, எங்கயாவது என்னுது ஒண்ணு இருந்திருக்கும்ல.”

மறுபடி அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் விலகிக்கொண்டாள்.

“மாமாகிட்டயும் இதையே கேட்டியா?”

தலையாட்டினேன்.

“பாவம் அந்த மனுஷன்” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “வா. அந்தக் கட்டையோ பிளாக்கோ, தேடுவோம். என் வாயிலயும் பஞ்ச வச்சுத் தேச்சு எடுத்துக்க. எல்லாத்தையும் முடிச்சிட்டு உன்கூட நான் பேசுறதா வேண்டாமான்னு பாக்குறேன்.”

6

பரிசோதனைக் கூடத்து வரவேற்பில் இருந்த பெண், “பத்து வருஷந்தாங்க வச்சிருப்போம்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள். நான் நகரவில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று பேசாமல் நின்றேன். மாலதிதான் உரக்கப் பேசினாள். உள்ளேயிருந்து ஒரு அம்மாள் வந்தார். பெயர் ஷமீமா. பாலக்கரைக்காரர், ஐம்பது வயதிருக்கும், பிளாக் அறைக்குப் பொறுப்பு அவர்தான்.

“பழசெல்லாம் கழிச்சுக் கட்டியாச்சும்மா. பின்னாடி அட்டப்பெட்டில இருக்கு. கழிவு வண்டி வர்ற வரைக்குந்தான். எந்த வருஷம்?”

சொன்னேன்.

“இன்ஷா அல்லாஹ் இருக்கும். பதறாதீங்க. வண்டி நாளைக்குத்தான் வருது.”

நாளைக்கு. ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பின்னறையில் ஒன்பது பெட்டிகள். ஒவ்வொன்றிலும் தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் சட்டங்கள், அவற்றில் மஞ்சளாய் மெழுகு, மெழுகுக்குள் ஒவ்வொருவரின் உடம்பிலிருந்தும் ஒரு துளி. எண் மட்டும்தான் எழுதியிருந்தது. ஷமீமா பழைய பதிவேட்டில் என் பெயரைத் தேடினார். வசந்தகுமாரி இல்லை. வசந்தி இல்லை.

“கணவர் பேரு சொல்லுங்க.”

“சேகர்.”

விரலை இறக்கிக்கொண்டே போனார். “வசந்தா, கணவர் சேகர், ஸ்ரீரங்கம். இடது சினைப்பை. இது நீங்கதானே?”

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், இங்கே மூன்றாவதாக ஒன்று. “நான்தான்” என்றேன். அதை எப்படி நிரூபிப்பது என்று அவர் கேட்கவில்லை. என் பழைய அறிக்கையின் நகலை வாங்கித் தேதியையும் டாக்டர் பெயரையும் ஒப்பிட்டார். எண்ணை ஒரு சீட்டில் எழுதி எங்கள் இரண்டு பேரிடமும் கொடுத்தார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து தேடினோம். ஒன்றரை மணி நேரம். மாலதி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறாவது பெட்டியில் அவள்தான் அதை எடுத்தாள். எண்ணை இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் நீட்டாமல் ஷமீமாவிடம் கொடுத்தாள்.

அங்கேயே டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு ஒட்டினார்கள். மாலதியின் வாயிலும் பஞ்சு வைத்துத் தேய்த்தார்கள். இரண்டும் சென்னையில் ஒரு மரபணு ஆய்வகத்துக்குப் போயின.

7

மூன்று வாரம் என்றார்கள். லீவை நீட்டினேன்.

அந்த மூன்று வாரம் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. சேகரிடம் மன்னிப்புக் கேட்டேன். “கேட்டதுக்குக் கோவமில்ல வசந்தி. இல்லன்னு சொல்ல வந்தேன். சொன்னா நீ நம்ப மாட்டியோன்னு பயமாயிடுச்சு. அதான் வாய அடச்சிடுச்சு” என்றார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே பயத்தை ஆளுக்கு ஒரு மூலையில் வைத்துக்கொண்டிருந்தோம்.

மெழுகுத் துண்டிலும் என் கன்னத்தில் இருந்ததே இருந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். அப்போது மாலதி பொய் சொல்கிறாள் என்றாகும். அல்லது ஆய்வகங்கள் எல்லாம் பொய் என்றாகும். அல்லது எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றாகும். காவ்யா பள்ளிக்கூடம் போனதும் அவள் சீப்பில் இருக்கும் முடியை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பேன். முடியைப் பார்த்து ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும். அதுதானே என் தொழில். ஆனாலும் பார்ப்பேன்.

முதலில் மாலதியின் முடிவு வந்தது. காவ்யாவின் அம்மா அவள் இல்லை. சித்தி உறவுக்குப் பொருந்துகிறது. நான் அதை அவளிடம் படித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். “எனக்குத் தெரிஞ்சதுதானே” என்றாள். கத்தியைக் கீழே வைத்தாள். “இல்லன்னு தெரியும். இருந்தாலும் நீ சொன்னதுலேருந்து, ஒருவேளை அன்னைக்கு எனக்கே தெரியாம ஏதாவது நடந்திருக்குமோன்னு ஒரு ஆச வந்திருச்சுக்கா” என்றாள். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் போகச் சொல்லவில்லை.

எட்டு நாள் கழித்து மற்றது வந்தது. மெழுகு பழசு, பதினாறில் பதின்மூன்று இடங்களைத்தான் படிக்க முடிந்தது. அந்தத் துண்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி என் கன்னத்தில் இருப்பவள். இன்னொருத்தி எனக்குச் சகோதரியாகப் பொருந்துகிறவள். படிக்க முடிந்த பதின்மூன்று இடங்களிலும் அவள் காவ்யாவுக்கு அம்மாவாகப் பொருந்தினாள்.

சேகர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “அப்ப நீதானே? நீதானேன்னு சொல்லு” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“நான்தாங்க” என்றேன். “என்கூட இருக்கவளும் நான்தான்.”

மாலதி காகிதத்தை வாங்கினாள். அவளுக்கு அந்த எண்கள் புரியாது. ஆனாலும் வெகு நேரம் பார்த்தாள். “அப்ப நாம மூணு பேருக்கா. அம்மாவுக்குத் தெரியாமலே போயிருச்சு” என்றாள்.

8

விசா உடனே வந்துவிடவில்லை. கைமேரா என்றால் என்ன என்று இங்கே ஒரு மருத்துவ மரபியல் பேராசிரியர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதை மொழிபெயர்த்து, சான்றொப்பம் வாங்கி, மறுபடி வரிசையில் நின்று, ஐந்து மாதம் ஓடியது. ஒவ்வொரு கடிதத்தையும் நான் உட்கார்ந்துகொண்டுதான் பிரித்தேன். கடைசியில் சேகருக்கும் காவ்யாவுக்கும் அனுமதி வந்தது. அழைத்துவர நானே ஊருக்குப் போனேன்.

மதிய விமானம். மாலதி விமான நிலையத்துக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். வீட்டு வாசலிலேயே காவ்யாவின் நெற்றியில் விபூதி வைத்து, “அழக் கூடாது, போய் சேந்ததும் போன் பண்ணணும்” என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காரில் காவ்யா எனக்கும் சேகருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். என் பையில் அத்தனை காகிதங்களும் இருந்தன. அதை வைத்துக்கொண்டு எந்த அதிகாரி முன்னாலும் நிற்கலாம். அவளிடம் பேசத்தான் எனக்குப் பயமாக இருந்தது. கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. பாலத்தைத் தாண்டினோம். மெயின்கார்டு கேட் நெரிசலில் கார் நின்றபோது முதல் தடவையாக வாய் திறந்தாள்.

“சித்தி காலைலேருந்து சாப்பிடல.”

“சாப்பிடுவாம்மா” என்றார் சேகர்.

“நான் சாப்பிட்டாத்தான் சாப்பிடும். நான் இல்லன்னா யாரு சொல்லுவா?”

நேரம் பார்த்தேன். விமானத்தைத் தவறவிட்டால் மறுபடி எத்தனை காகிதம், எத்தனை மாதம் என்று பயந்தேன். இன்றைக்கு இவளை இப்படியே கொண்டுபோனால் என்ன ஆகும் என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன்.

“வண்டியத் திருப்புங்க” என்றேன்.

சேகர் என்னைப் பார்த்தார். டிரைவரின் தோளைத் தொட்டார்.

மாலதி கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது. “என்னத்தடி மறந்துட்ட?”

“நீ சாப்பிட்டியான்னு பாக்க வந்தோம்” என்றாள் காவ்யா.

மாலதி எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். நேரே சமையலறைக்குப் போய், தட்டில் சோறு போட்டு, ரசத்தை ஊற்றிக்கொண்டு வந்து, எங்கள் எதிரிலேயே நின்றபடி சாப்பிட்டாள். ஐந்து வாய். காவ்யா எண்ணினாள்.

“போதுமா?” என்றாள் மாலதி, வாயில் சோற்றோடு. “கிளம்புங்க. ஃப்ளைட்டு போயிடும்.”

காவ்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “போலாம்மா” என்றாள்.